அக்கரை ஆசிரியரும் தீவு வீடும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துச் சென்று, தரைவழி முடிவுறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப்பொழுதில் நிற்கும் எவரும், அரிசி மூட்டைகளுக்கும் மரக்கறிக் கூடைகளுக்கும் நடுவே, தோளில் ஒரு பையும் கையில் மதிய உணவுப் பொட்டலமுமாகப் படகை எதிர்பார்த்திருக்கும் ஆசிரியர்களைக் காண்பர். குமுதினி, வடதாரகை என்னும் படகுகளுள் எதுவாயினும், நெடுந்தீவின் மாவிலித்துறையை அடைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். சோழகக் காற்று வலுத்து வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் கடவுளை நினைந்துகொண்டே கழிக்க வேண்டிய நேரமாகும். கல்வித் திணைக்களத்தின் பாஷையில் இது கஷ்டப் பிரதேசம். விதிக்கப்பட்ட சில ஆண்டுகள் இங்கே சேவையாற்றிவிட்டு இடமாற்றம் பெற்றுக் கரைசேர்வது வழமை. வாரம் முழுவதும் தீவிலேயே தங்கிவிடுவோரும் உளர். பிற்பகற் படகில் மீள்வோரும் உளர். இவர்கள் படும் சிரமத்தை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடேன். ஆயினும், மாவிலித்துறையில் இறங்கிய பின்னரும் இவர்களுக்கும் தீவுக் குழந்தையின் வீட்டுக்கும் இடையே கடக்கப்படாமல் எஞ்சிக் கிடக்கும் தூரம் ஒன்று உண்டு. அதனையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

வேறுபட்ட பண்பாட்டுக் குடும்பங்களோடு ஆசிரியர் இணைந்து செயலாற்றுதல் என்று இக்காலக் கல்வியாளர் பேசுமிடத்து, மொழியாலும் மதத்தாலும் தேசத்தாலும் வேறுபட்டோர் ஒரே வகுப்பறையிற் கூடும் பெருநகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. நெடுந்தீவிலோ ஆசிரியரும் தமிழர், பெற்றாரும் தமிழர். சைவராயினும் கத்தோலிக்கராயினும் பேசுவது ஒரே மொழி. ஆகவே இங்கே வேறுபாடென்ற பிரச்சினைக்கே இடமில்லை என்று தோன்றலாம். அத்தோற்றமே பிழைகளுக்கெல்லாம் மூலம் என்பது என் துணிபு. அந்நிய மொழி பேசும் குழந்தையைக் கண்ட ஆசிரியர், தாம் அறியாத ஒன்று அவ்வீட்டில் இருக்கிறதென்று உடனே உணர்ந்து எச்சரிக்கையடைகிறார். தம் மொழியையே பேசும் குழந்தையைக் கண்டபோதோ, அதன் வீட்டிலுள்ளவை யாவும் தமக்குத் தெரிந்தவையே என்று எண்ணிவிடுகிறார். பெருநிலத்துச் செம்மண்ணில் வளர்ந்தவருக்குத் தீவின் பவளக் கல்லில் வளர்ந்த குழந்தையின் அனுபவம் எத்துணை வேறானது என்பது, இருவரும் ‘கிணறு’ என்ற ஒரே சொல்லை வழங்குவதனாலேயே மறைந்துபோகிறது.

‘கிணறு’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கிணற்றின் படத்தை ஒட்டிவிட்டால், பெருநிலத்து ஆசிரியருக்கு அப்பாடம் முடிந்தது. நெடுந்தீவுக் குழந்தைக்கு எல்லாக் கிணறும் ஒன்றல்ல. எந்தக் கிணற்று நீர் குடிக்கலாகும், எந்த நீர் குளிப்பதற்கு மட்டும் உதவும், எது மாட்டுக்கு, எது வெயில் முதிர்ந்தால் உவர்த்துப்போகும் என்பனவெல்லாம் அதற்கு நாவிலுள்ள அறிவு. சாராப்பிட்டியின் நன்னீரை நாடித் தாயோடும் அம்மம்மாவோடும் குடமெடுத்து நடந்து பெற்ற அறிவு. ஒரே சொல்லின் கீழ்ப் பல வகைகளைப் பிரித்தறிவதே விஞ்ஞானத்தின் ஆரம்பமாயின், அக்குழந்தை முதலாந் தரத்துக்கு வருமுன்னரே விஞ்ஞானத்தின் வாயிலில் நின்றுவிட்டது. அதை அறியாத வகுப்பறை, படத்தைக் காட்டி, “இது என்ன?” என்று வினவுகிறது.

ஓலைப் பெட்டி இழைக்கும் முதியவளொருத்தியின் அருகிலிருந்து பார்த்தவருக்கு இது இன்னும் தெளிவாக விளங்கும். வெயிலிற் காயவிட்ட சார்வோலையை எடுத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, நெடுக்கிலும் குறுக்கிலும் எண்ணி வைத்து, ஒன்றைத் தூக்கி ஒன்றைத் தாழ்த்திக் கோத்துக்கொண்டு போகிறாள். அடி சதுரமாக வேண்டுமாயின் இரு புறத்து ஓலைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஓரோலை பிசகினால் மூலை மடங்காது. அருகே குந்தியிருக்கும் பேரக்குழந்தை, கழித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கித் தானும் கோத்துப் பார்க்கிறது. பிழைத்தபோது அவள் ஒன்றும் கூறுவதில்லை. குழந்தையின் விரலுக்கு மேலே தன் விரலை வைத்து ஓலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறாள். இரட்டை எண், ஒற்றை எண், சமம், சதுரம், கோலம் மீண்டு வரும் ஒழுங்கு ஆகிய யாவும் அங்கே ஒரு சொல்லும் பேசப்படாமல் கற்பிக்கப்படுகின்றன. சாந்தின்றி அடுக்கப்பட்ட பவளக்கல் வேலியைத் தகப்பனோடு சேர்ந்து திருத்தும் சிறுவன், எந்தக் கல்லின் எந்தப் பக்கம் எதன்மேற் பொருந்தும் என்று கண்ணாலளந்து கற்பதும் இவ்வாறே. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, எந்தக் காற்றில் அப்பா தொழிலுக்குப் போவார், எந்தக் காற்றிற் போகார் என்பதை ஐந்து வயதில் அறிந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பள்ளிப் பதிவேட்டில் எழுதுவதற்கு நிரலே கிடையாது.

வீட்டிலே மௌனமாகக் கற்ற குழந்தை பள்ளியிலும் மௌனமாக இருப்பதில் வியப்பென்ன? அமெரிக்கத் தென்னாட்டின் கரோலினாப் பிரதேசத்தில், பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் நெடுங்காலம் பழகி ஆராய்ந்த ஷெர்லி பிரைஸ் ஹீத் என்னும் மானிடவியலாளர், 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதையொத்த நிலையொன்றை விரித்துரைத்தார். விடை தெரிந்த ஒருவர் அதே விடையைக் குழந்தையிடம் வினவும் வழக்கம் பள்ளிக்கூடத்துக்கு உரியது; அவர் கண்ட கறுப்பினத் தொழிலாளர் வீடுகளிலோ, அத்தகைய வினாக்கள் அருகியே வழங்கின. அங்கே முதியோர் குழந்தையை வினவியது, இது எதைப் போலிருக்கிறது என்பது போன்ற, விடை முன்கூட்டித் தீராத கேள்விகளையே. ஆகவே, “இது என்ன நிறம்?” என்று ஆசிரியை கேட்டபோது, நிறம் தெரிந்த குழந்தையும் வாய் திறக்கவில்லை, ஆசிரியையின் கண்ணுக்கு நிறம் தெரிகிறதே, பின்னர் ஏன் என்னைக் கேட்கிறார் என்பது அதன் மயக்கம். ஆசிரியர்கள் அவ்வூரின் இடங்களையும் மனிதரையும் காட்டும் படங்களைக் கொணர்ந்து, இங்கே என்ன நடக்கிறது, நீ இங்கே போயிருக்கிறாயா என்று பேச்சைத் தொடங்கியபோது அதே குழந்தைகள் பேசினர். நம் பள்ளிகளில் ‘மந்தம்’ என்றும் ‘கூச்ச சுபாவம்’ என்றும் குறித்துவைக்கப்பட்ட மௌனங்களுள் எத்தனை இவ்வகையைச் சார்ந்தனவோ என்று எண்ணும்போது எனக்கு மனம் நோகிறது.

பள்ளிக்கூடம் இத்தீவுக்கு முதன்முதல் எவ்வுருவில் வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. பசுக்கள் மலிந்தமையாற் பசுத்தீவு என வழங்கிய இதனைப் போர்த்துக்கேயரும் தம் மொழியிற் பசுக்களின் தீவென்றே அழைத்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ, தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்று பெயர் மாற்றினர். அவர்கள் காலத்தில் யாழ்ப்பாணக் கோவிற்பற்றுக்கள்தோறும் ஆலயமும் பாடசாலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. பிள்ளைகளின் பெயர் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் ஏறியது. வராத பிள்ளைக்காகப் பெற்றார் தண்டம் இறுத்தனர். தண்டத்துக்கு அஞ்சிப் பிள்ளையை அனுப்பிய பெற்றார், அப்பள்ளி புகட்டியதை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே தம் வழிபாட்டைத் தொடர்ந்தனர். நூற்றாண்டுக்கு மேலாக நடந்த அம்முறை, ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் விரைவிற் சரிந்தது. வீட்டின் சம்மதமின்றி நின்ற பள்ளி ஆட்சியின் பலத்தால் மட்டுமே நின்றிருந்தது.

பின்வந்த அமெரிக்க மிஷனரிமாரும் வெஸ்லியன் சபையாரும் தண்டம் விதிக்கவில்லை. கல்வியின் மேன்மையாற் குடும்பங்களை ஈர்த்தனர். ஆயினும் வீட்டின் சமயத்தை இருளென்று கொண்ட பள்ளியில், பிள்ளை இரு உலகங்களுக்கிடையே பிளவுண்டது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதையும், தொடர்ந்து பாலபாடங்களை இயற்றி அச்சிட்டதையும் சமய வரலாற்றின் நிகழ்ச்சியாக மட்டும் காண்பது போதாது என்பது என் கருத்து. வீட்டில் வழங்கும் நெறியும் பள்ளியில் வழங்கும் நெறியும் ஒன்றையொன்று மறுக்காத இடத்திற் குழந்தையை அமர்த்த வேண்டுமென்ற கல்விச் சிந்தனை அதனுள் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளி வாசலிற் சாதியின் பேரால் எத்தனை வீட்டுக் குழந்தைகள் நிறுத்தப்பட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘வீடு’ என்று அக்காலத்தோர் கூறியபோது எல்லா வீடுகளையும் கருதவில்லை.

1945இன் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளுக்குத் தாய்மொழிப் போதனையும், 1960இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதும் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் வழி திறந்தன. இவற்றுக்கு முன்பு பயின்ற ஒருவரின் வரலாறு நெடுந்தீவாருக்கு நெருக்கமானது. தமிழறிஞரான தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்தவர்; தந்தைவழியால் நெடுந்தீவினர்; தனிநாயகம் என்ற பெயரும் அத்தீவின் முன்னோர் மரபிலிருந்து அவர் விரும்பி ஏற்றது. ஆங்கிலவழிப் பள்ளியிற் படித்த அவர், கத்தோலிக்கக் குருவான பின்னர், 1940களில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலேயே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையில் விரிவுரையாளராக இருந்தபோது, பண்டைத் தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை என்பதையே பொருளாகக் கொண்டு லண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். தன் வீட்டின் மொழியைப் பள்ளி தனக்குத் தராதபடியால் முப்பது வயதளவிற் கடல்கடந்து சென்று கற்றவர் அவர். அவரளவு மனவுறுதியில்லாத எத்தனை பிள்ளைகள் அதைக் கல்லாமலேயே போயினர்!

நம் வழக்கத்தில் ஆசிரியரும் குடும்பமும் இணையும் காட்சி இல்லாமலில்லை. அது தொடக்கத்தில் அழகாக நிகழ்கிறது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, தாயின் அல்லது தகப்பனின் மடியிலிருக்கும் குழந்தையின் சுட்டுவிரலைக் குருக்களோ உபாத்தியாயரோ பற்றித் தட்டிலே பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கிறார். எழுதும் விரல் குழந்தையினது, வழிகாட்டும் கை ஆசிரியருடையது, தாங்கும் மடி பெற்றாருடையது. அரிசி அந்த வீட்டின் பானையிலிருந்து வந்தது. அதற்குப் பின்னர் தரம் 1இற் சேரும் தைமாதத்தில் நடைபெறும் கால்கோள் விழாவில், மாலையிட்டு வரவேற்கப்படும் பிள்ளையோடு பெற்றாரும் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வருகின்றனர். அன்றோடு அது முடிகிறது. அதன்பின் பெற்றார் அழைக்கப்படுவதெல்லாம் சிரமதானத்துக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு, புள்ளி குறைந்தபோது, பிள்ளை குழப்படி செய்தபோது. அக்கூட்டங்களில் வாங்கின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் தாய், தன் முறை வந்ததும் கூறும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: “எங்களுக்கு என்ன தெரியும், ரீச்சர்? நீங்கள் பாத்துச் செய்யுங்கோ.” அது பணிவாற் பிறந்த வார்த்தை என்று நாம் மகிழ்கிறோம். தான் அறிந்தவற்றுக்கு இவ்விடத்தில் மதிப்பில்லை என்று பல தலைமுறையாகக் கற்றுக்கொண்ட ஒருத்தியின் வார்த்தையாகவே எனக்கு அது கேட்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், மெக்சிக்கோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களிடையே லூயிஸ் மோலும் அவரைச் சார்ந்தோரும் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இவ்விஷயத்தில் நமக்குப் பெரிதும் பயன்படும். அங்கே ஆசிரியர்கள் பிள்ளையின் குறைகளை முறையிடச் செல்லாமல், வீட்டாரிடம் கற்றுக்கொள்ளும் பொருட்டு வீடுகளுக்குச் சென்றனர். பயிர், மருந்து, கட்டட வேலை, வாணிகம், சமயம் எனக் குடும்பங்களிற் குவிந்து கிடந்த அறிவை அவர்கள் ஒரு நிதியாகக் கண்டு அப்பெயராலேயே குறித்தனர். மெக்சிக்கோவிலிருந்து கொணர்ந்த மிட்டாய்களை அயலில் விற்கும் மாணவனொருவனைக் கண்ட ஆசிரியை, மிட்டாயையே பாடமாக்கி, வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயை அழைத்து அதைச் செய்து காட்டப் பண்ணினார்; பிள்ளைகள் சேர்மானங்களை ஆராய்ந்தனர், விலை கணித்தனர், விளம்பரம் எழுதினர். இதை வாசித்தபோது எனக்குப் பனங்கட்டியும் பனாட்டும் நினைவுக்கு வந்தன. பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிற் பரவி நாள்தோறும் காயவைத்துப் பனாட்டாக்கும் தாய் ஒருத்தி, தரம் 2 வகுப்பில் வந்து நின்றால், திரவம் திண்மமாதல் என்ற பாடத்தை அவளைவிட நன்றாக யார் நடத்துவர்? ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டூசானில் ஆசிரியர்களுக்கு இவ்வேலைக்கெனப் பயிற்சி அளிக்கப்பட்டது, பள்ளி முடிந்தபின் கூடி ஆராய்வதற்கு வட்டம் அமைந்திருந்தது. அவர்களுடைய நல்லெண்ணத்தின்மேல் மட்டும் சுமையை ஏற்றவில்லை.

வீட்டுக்குச் செல்லுதல் என்று எழுதிவிடுவது எளிது. யாழ்ப்பாணச் சமூகத்தில் அதனுள்ளே ஒரு முள் இருக்கிறது. எந்த வீட்டின் திண்ணையோடு நிற்பது, எந்த வீட்டின் உள்ளே அமர்வது, எவர் தரும் தேநீரைக் குடிப்பது, எவர் தருவதை ‘இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்’ என்று விலக்குவது என்பவற்றையெல்லாம் குழந்தை கதவோரம் நின்று பார்க்கிறது. அந்தத் தேநீரை ஆசிரியர் குடித்து முடிக்கும்வரை, அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவ்வீடு உண்மையான விடை தராது. கற்பித்தல் முறை பற்றிய நூல்களில் இது இராது. தீவில் நெடுங்காலம் கற்பித்தவர் எவரும் இதை அறிவர்.

அறியவேண்டியவற்றுள் துயரமும் அடங்கும். படகு வரைதல் பெருநிலத்துப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு. நெடுந்தீவுக் குடும்பங்களிலோ, 1985 மே 15ஆந் திகதி குமுதினிப் படகில் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டோரின் நினைவு இன்னும் ஆறாதது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். பேரக்குழந்தையின் கொப்பியிலுள்ள படகைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளும் பாட்டி ஏன் அவ்வாறு செய்தாள் என்பது, ஊரை அறியாத ஆசிரியருக்குப் புலப்படாது. அயற்றீவான நயினாதீவை நோக்கினால், நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் ஒரு சிறு தீவில் அமைந்திருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வகுப்பறைகளிற் சில இருக்கைகள் ஒரே நாளில் வெறுமையாயின. போரிற் சிதறித் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வன்னிப் பேச்சோடும் தமிழ்நாட்டு முகாம்களின் பேச்சோடும் ஒரே வாங்கில் அமர்ந்தனர். தீவுப் பள்ளி ஒருதன்மையானது என்று கூறுவோர் அவ்வாங்குகளின் அருகே சற்றே அமர்ந்து கேட்க வேண்டும்.

தேசாந்தரம் சென்ற தீவாரின் பிள்ளைகள் ரொறன்ரோவின் பாலர் வகுப்புகளில் இதே நிலையை மறுதலையாக எதிர்கொள்கின்றனர். அங்கே பெற்றார் ஆசிரியர் சந்திப்பில் மூத்த பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நின்று, தன் தம்பி தங்கையரைப் பற்றிய குறையைத் தானே தாய்க்கு விளக்க நேர்கிறது. நியூசிலாந்தார் இப்பிரச்சினையை வேறுவிதமாக அணுகினர். 1996இல் அவர்கள் வெளியிட்ட பாலர் கல்விக் கலைத்திட்டத்துக்கு ‘தே வாரிக்கி’ என்று மவோரி மொழியிற் பெயரிட்டனர். இழைத்த பாய் என்பது அதன் பொருள். நான்கு தத்துவங்களும் ஐந்து இழைகளுமாகப் பின்னப்பட்ட அப்பாயிற் குடும்பமும் சமூகமும் ஒரு தத்துவமாக அமைந்துள்ளன. மவோரி அறிஞர் தொடக்கத்திலிருந்தே அதன் ஆக்கத்திற் பங்கேற்றனர். பாய் இழைக்கும் தாய்மார் வாழும் நம் தீவுகளின் முன்பள்ளிகளுக்கு இந்த எண்ணம் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

இலங்கையில் 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1இற் சேரும் பிள்ளையை முதல் வாரங்களில் இனங்காண வேண்டும் என்று விதித்தது. அது நல்ல விதி. ஆனால் இனங்காணல் வகுப்பறைக்குள் மட்டும் நடைபெறுமாயின், பிள்ளைக்குத் தெரியாதவற்றின் பட்டியலே எஞ்சும். அவ்வாரங்களில் ஒரு மாலையேனும் ஆசிரியர் பிள்ளையின் முற்றத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தங்குமிடம் வேண்டும், அந்நேரம் கடமை நேரமாகக் கணிக்கப்பட வேண்டும், தீவிற் பிறந்த முன்பள்ளி ஆசிரியைகள் பிள்ளையைப் பற்றி அறிந்ததைத் தரம் 1 ஆசிரியரிடம் ஒப்படைக்கும் ஒழுங்கும் வேண்டும். முன்பள்ளியில் மிகச் சொற்பமான கொடுப்பனவுக்கு உழைக்கும் அப்பெண்கள், இரு கரைகளையும் அறிந்தவர்கள். அவர்களைக் கேட்பாரே இல்லை.

நெடுந்தீவிற் பெற்றார் வீட்டிலிருக்கும் நேரம் பின்னேரம். கடற்றொழிலுக்குப் போனவர் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக் கொண்டிருப்பார். மாடுகள் பட்டிக்குத் திரும்பும். குடங்கள் கிணற்றடியில் வரிசையாயிருக்கும். அம்மம்மா ஓலையை மீண்டும் கையிலெடுப்பாள். பேசுவதற்கு உகந்த அந்த நேரத்தில், பிற்பகற் படகில் ஏறிய ஆசிரியர் குறிகட்டுவானை நெருங்கிக் கொண்டிருப்பார்.